விட்டுப்போன வரி: 293318625600



மலர்க் குழுவினர் தொலைபேசியில் அழைத்து, "சார், கல்லூரி நினைவு ஏதாவது எழுதிக் கொடுங்க, நாலு பக்கம் வரணும்" என்று கேட்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், விளையாட்டு விழாவில் நாம் வாங்கிய உதையைப் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே நிறைய. அதனால் நான் ஒரே ஒரு எண்ணைப் பற்றி எழுதுகிறேன். தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. என்னடா இது, ஏதோ ஊழல் தொகை மாதிரி இருக்கே என்று நினைக்க வேண்டாம். இது கணிதமேதை ராமானுஜன் சம்பந்தப்பட்ட எண். என் நோட்டுப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டிய எண். இல்லாமல் போனது. அந்தக் கதைதான் இது.

ஆளுக்குப் பத்து வரி

நான் 1971 முதல் 1974 வரை இங்கே பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். முதலாண்டில் எங்களுக்கு எண்ணியல் எடுத்த பேராசிரியர் ஒரு நாள் நூலகத்திலிருந்து கனமான ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பு. ராமானுஜன் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1927-ல் ஹார்டி, சேஷு அய்யர், வில்சன் மூவரும் பதிப்பித்தது. அதில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். மொத்தம் 102 எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதற்கு எத்தனை வகுத்திகள் என்று போட்டிருந்தது.

"ஆளுக்குப் பத்து வரி எடுத்துக்கோங்க. ராமானுஜன் போட்ட கணக்கு சரியான்னு பார்த்துக்கிட்டு வாங்க. கடைசி ஆளுக்கு மட்டும் பன்னிரண்டு" என்றார். ராமானுஜன் கணக்கை நாங்கள் சரிபார்ப்பதாவது! வகுப்பே சிரித்தது. ஆனாலும் செய்தோம். கால்குலேட்டர் கிடையாது. நீள வகுத்தல்தான். எனக்கு வந்தது 81 முதல் 90 வரை. மூன்று இரவுகள் ஆயின. பத்து வரியும் சரி. மற்றவர்களும் வந்து "சரி சார், சரி சார்" என்றார்கள்.

என் பக்கத்தில் உட்காரும் நண்பன் மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "சார், இருக்கிற வரியெல்லாம் சரி. நடுவுல ஏதாவது விட்டுப்போயிருந்தா?"

மறுபடியும் சிரிப்பு. பேராசிரியர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விப்பா. ஆனா அதைப் பார்க்கணும்னா இந்தப் பட்டியலைப் பார்த்தா போதாது. முழுசையும் முதல்லேருந்து மறுபடி போடணும்" என்றார். மணி அடித்தது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எந்த எண்கள் அவை?

கணிதம் படிக்காத நண்பர்களும் இந்த மலரைப் படிப்பார்கள். ஆகவே கொஞ்சம் விளக்கி விடுகிறேன்.

ஒரு எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. 12-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. அதுபோல, தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணுக்கு ராமானுஜன் ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை 'உயர் பகு எண்' என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை போகிறது. பகா எண் என்பது யாருக்கும் பங்கு கொடுக்காத கஞ்சன் என்றால், உயர் பகு எண் கேட்டவருக்கெல்லாம் பங்கு கொடுக்கும் வள்ளல்.

இந்த வள்ளல்கள் நமக்குப் பழக்கமானவர்கள்தான். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று நம் முன்னோர் வைத்தார்கள். தமிழ் ஆண்டுகளின் சுற்றும் 60. மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை, நாளுக்கு 24 மணி. எல்லாம் பங்கு போட வசதியான எண்கள். நம்மில் மூத்தவர்களுக்கு அணாக் கணக்கு நினைவிருக்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. 192-க்கு 14 வகுத்திகள். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்து 100 ஆனபோது அது 9 ஆகக் குறைந்தது. ஒரு ரூபாயை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போட முடியாமல் போனது அன்றிலிருந்துதான்!

வகுத்திகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்து, ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனுடன் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். 12 என்பது 2 இரண்டு முறை, 3 ஒரு முறை. மூன்றை இரண்டால் பெருக்க, ஆறு. அவ்வளவுதான்.

இதைப் பார்த்து, சிறிய பகா எண்களை அடுக்கிப் பெருக்கினால் வள்ளல் எண் கிடைத்துவிடுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இன்னொரு 2-ஐச் சேர்ப்பதா, ஒரு 3-ஐச் சேர்ப்பதா, அல்லது புதிதாக ஒரு 23-ஐ உள்ளே கொண்டுவருவதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒரு லாபம். குறைந்த விலையில் அதிக வகுத்திகள் வாங்க வேண்டும். சந்தையில் பேரம் பேசுவது மாதிரிதான்.

போர்க்காலத்தில் ஒரு கட்டுரை

கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து அதை இழந்தவர் ராமானுஜன். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவே இல்லை. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தன் தேற்றங்களை எழுதி அனுப்பினார். 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். ஏப்ரலில் லண்டன். ஆகஸ்டில் முதல் உலகப்போர்.

அந்தப் போர்ச் சூழலில், சைவச் சாப்பாட்டுக்குத் தானே சமைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு அவர் எழுதிய பெரிய கட்டுரைதான் உயர் பகு எண்கள் பற்றியது. 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 14-ஆம் தொகுதியில் 347-ஆம் பக்கம் தொடங்கி 409-ஆம் பக்கம் வரை வந்தது. அறுபத்து மூன்று பக்கம்! அவர் வாழ்நாளில் வெளியிட்ட கட்டுரைகளிலேயே நீளமானது இது.

இந்தக் கட்டுரையை வைத்துத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி வழிப் பி.ஏ. பட்டம் அளித்தது. எப்.ஏ. தேறாத ஆளுக்குப் பி.ஏ.! அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஹார்டி ஓர் அறிக்கை அனுப்பினார். இந்தப் பொருள் கணிதத்தின் பெரிய நீரோட்டத்திலிருந்து சற்று ஒதுங்கியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, இதைக் கையாண்ட நுண்ணறிவு அபாரமானது என்று வாயாரப் புகழ்ந்தார்.

கட்டுரையில் உயர் பகு எண்களின் அமைப்பைப் பற்றி அழகான தேற்றங்கள் வருகின்றன. 2 வரும் முறைக்கு மேல் 3 வராது, 3 வரும் முறைக்கு மேல் 5 வராது, இப்படியே இறங்குமுகமாகத்தான் போகும். கடைசியில் நிற்கும் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். இதற்கு 4, 36 என்று இரண்டே விலக்குகள். இப்படி எண்களின் உடல்வாகையே படம் பிடித்துக் காட்டுகிறார்.

ஆனால் ஓர் இடத்தில் அவர் மனம் திறந்து ஒன்றை ஒப்புக்கொள்கிறார். அடுத்தடுத்த உயர் பகு எண்களை வரிசையாகக் கண்டுபிடிக்க, முயன்று பார்ப்பதைத் தவிர வேறு வழி எதுவும் தனக்குத் தெரியாது என்கிறார். அப்படி முயன்று பார்த்துக் கையால் தயாரித்த பட்டியல்தான் 102 வரிகளில் இருக்கிறது. 2-ல் தொடங்கி, 10080 வகுத்திகள் கொண்ட 6746328388800 வரை போகிறது. கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. காகிதமும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு!

103

இனி என் கதைக்கு வருகிறேன். படிப்பு முடிந்து ஒரு வங்கியில் சேர்ந்தேன். முப்பத்தைந்து ஆண்டு லெட்ஜரோடு குடித்தனம். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல், மகளின் மடிக்கணினியில் புரோகிராம் எழுதப் பழகினேன். என்ன எழுதுவது என்று யோசித்தபோது அந்தப் பழைய நோட்டு நினைவுக்கு வந்தது. பரணிலிருந்து எடுத்தேன். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பத்து வரியும் அப்படியே இருந்தன.

2-ல் தொடங்கி 6746328388800 வரை எல்லா உயர் பகு எண்களையும் கண்டுபிடிக்கச் சொன்னேன். கண்சிமிட்டும் நேரத்தில் விடை வந்தது. எண்ணிப் பார்த்தேன். 103.

தப்பு என்னுடையதுதான் என்று நினைத்தேன். வேறு யாருடையதாக இருக்க முடியும்? புரோகிராமைத் திருத்தித் திருத்திப் போட்டேன். அப்போதும் 103. பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினேன். 89-வது வரி வரைக்கும் ஒன்றுதான். அந்த வரியில் 240940299600, வகுத்திகள் 4800. ராமானுஜன் பட்டியலில் 90-வது வரி 321253732800, வகுத்திகள் 5376. கணினியில் 90-வது வரி வேறு. 293318625600. வகுத்திகள் 5040.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதுவும் எங்கே? என் பங்காக வந்த பத்து வரிக்குள்ளேயே! என் கையெழுத்திலேயே 89-ம் 90-ம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடம்கூட இல்லை.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். இந்த எண்ணில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 தலைக்கு ஒரு முறை. ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5040. ராமானுஜன் வகுத்த இறங்குமுக விதிக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று யாரும் மாலை போட வந்துவிடாதீர்கள். இந்த விடுபாடு எனக்கு முன்பே கணித உலகத்துக்குத் தெரிந்த செய்திதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு இதைப் பற்றிய நூல்கள் தயங்காமல் குறிப்பிடுகின்றன. ராமானுஜனின் தேற்றங்கள் எதுவும் இதனால் அசையவில்லை. தேற்றங்கள் நிரூபணத்தில் நிற்பவை, பட்டியலில் நிற்பவை அல்ல.

இந்த எண்ணின் குணங்கள்

விட்டுப்போனது சாதாரண எண் அல்ல. கொஞ்சம் பழகிப் பார்த்தால் நல்ல மனிதர் மாதிரி இருக்கிறது.

1 முதல் 22 வரை எந்த எண்ணால் வேண்டுமானாலும் இதை வகுக்கலாம், மீதி வராது. முதன்முதலாக இடறுவது 23-ல். சரி, அந்த 23-ஆலேயே இதைப் பெருக்கிப் பாருங்கள். 6746328388800 வருகிறது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்! புதிதாக ஒரு பகா எண் சேர்ந்ததால் வகுத்திகள் இரட்டிப்பாகி 5040 என்பது 10080 ஆயிற்று. பட்டியல் எதில் போய் முடிகிறதோ அந்த எண்ணுக்குள்ளேயே விட்டுப்போன எண் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பாதியாக்கினால் 146659312800. மூன்றில் ஒரு பங்காக்கினால் 97772875200. இரண்டுமே உயர் பகு எண்கள், இரண்டுமே பட்டியலில் இருக்கின்றன. பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பெரியவர் வரவில்லை.

அடுத்த வீட்டுக்காரரான 321253732800 பெரும்புள்ளி. ராமானுஜன் உயர் பகு எண்களுக்குள்ளேயே இன்னும் மேலான ஒரு சிலவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தார். அந்த மேல்தட்டில் இருப்பவர் அவர். நம்முடையவருக்கு அந்தத் தகுதி இல்லை. இவரிடமிருந்து ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்துவிட்டு ஒரு 23-ஐ வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் வந்துவிடுகிறார். 21-ஐக் கொடுத்து 23-ஐ வாங்கும் இந்தப் பேரத்தில் எண் பத்து சதவீதம்கூட ஏறவில்லை. வகுத்திகளோ 5040-லிருந்து 5376 ஆகின்றன.

5040 என்ற எண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதுவும் ஓர் உயர் பகு எண்தான், 60 வகுத்திகள். கிரேக்க ஞானி பிளாட்டோ 'சட்டங்கள்' என்ற நூலில் ஓர் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்கிறார். நிலம் பிரிக்க, வரி போட, படை திரட்ட எப்படிப் பங்கு போட்டாலும் சரியாக வரும் என்பது காரணம். 11-ஆல் மட்டும் வகுபடவில்லையே என்றால், இரண்டு குடும்பத்தைக் கழித்துக்கொண்டால் அதுவும் சரியாகிவிடும் என்று சமாதானமும் சொல்கிறார். ராமானுஜனுக்கு இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர், இதே வள்ளல் எண்ணைத் தேடிப் போயிருக்கிறார்.

டாலி ஆகும் தப்பு

வங்கியில் வேலை பார்த்த நண்பர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். சாயங்காலம் கணக்கு டாலி ஆகவில்லை என்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று தெரியும். 63 என்பதை 36 என்று எழுதியிருப்பான். ராத்திரி எட்டு மணி ஆனாலும் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரு வவுச்சரே புத்தகத்தில் ஏறவில்லை என்று வையுங்கள். பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை. கணக்கு அழகாக டாலி ஆகும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். நானே ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். ஏறாத வவுச்சர் ஒரு விதவை அம்மாளின் மணியார்டர் சேமிப்பு. மூன்று வாரம் கழித்து அந்த அம்மாள் கவுண்டரில் வந்து நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. பணத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டேன். அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ராமானுஜன் பட்டியலிலும் இதுதான் நடந்தது. 4800-க்கு அடுத்து 5376. ஏறுமுகம் கெடவில்லை. எந்த வரியிலும் பிழை இல்லை. தவறாக எழுதிய வரி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். எழுதாத வரி காட்டிக்கொடுக்காது. படித்துப் பார்ப்பவனுக்கு அது தெரியாது. முதலிலிருந்து திரும்பச் செய்து பார்ப்பவனுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பேராசிரியர் 1971-ல் சொன்னது அதைத்தான்.

இன்னொரு விடுபாடு

இந்தக் கட்டுரையிலேயே இன்னொரு விடுபாடும் உண்டு. அது ஒரு வரி அல்ல, ஒரு பெரும் பகுதி. அந்தச் சமயத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக ராமானுஜன் தான் எழுதியதில் ஒரு பகுதியை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். 1915-ல் அதைப் படித்தவர்களுக்கு அறுபத்து மூன்று பக்கமும் முழுமையாகத்தான் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கும் டாலி ஆகிவிட்டது!

நிறுத்தி வைத்த பகுதி 1988-ல்தான், அவருடைய தொலைந்த நோட்டுப் புத்தகத்தையும் வெளிவராத கட்டுரைகளையும் சேர்த்துப் பதிப்பித்தபோது, அவர் கையெழுத்திலேயே வெளிவந்தது. 1997-ல் நிக்கொலா, ரொபேன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் அதைக் குறிப்புகளோடு ஒரு கணித இதழில் வெளியிட்டார்கள். அந்த இதழின் பெயரே 'ராமானுஜன் இதழ்'.

அதில் இருந்தது என்ன? வகுத்திகளை எண்ணுவதோடு நிற்காமல், அவற்றைக் கூட்டினால் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு. ரீமான் என்ற ஜெர்மானியர் 1859-ல் முன்வைத்த கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்கள் எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கும் என்ற முடிவுக்கு அந்தப் பகுதி வழிகாட்டியது. இது அச்சில் வராத காலத்திலேயே, 1984-ல், மேலே சொன்ன ரொபேன் தானாகவே அதே வழியில் நடந்து இன்னும் ஒரு படி மேலே போனார். 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அந்த வரம்புக்குள் அடங்கினால் ரீமான் சொன்னது உண்மை, ஒன்றே ஒன்று மீறினாலும் பொய் என்று நிரூபித்தார். ரீமான் கருதுகோள் இன்றுவரை நிரூபிக்கப்படாமல் கணிதத்தின் தலையாய கேள்வியாக நிற்கிறது.

கவனித்தீர்களா, மறுபடியும் 5040! நம் எண்ணின் வகுத்திகளின் எண்ணிக்கையும் இதுவே. இரண்டும் தற்செயலான பொருத்தம்தான். ஆனாலும் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மாணவர்களுக்கு ஒரு வேலை, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ராமானுஜனே விட்டுவிட்டார், நாம் எந்த மூலை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர் போட்ட கணக்கு, நாம் ஏன் பார்க்க வேண்டும் என்றும் விட்டுவிடாதீர்கள். அவரே முயன்று பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியாது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்களும் முயன்று பாருங்கள், நானும் மனிதன்தான் என்று அவர் சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். கையில் உள்ள போனிலேயே போட்டுவிடலாம் என்றாலும் முதல் இருபது உயர் பகு எண்களையாவது கையால் போடுங்கள். எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக, "நடுவுல ஏதாவது விட்டுப்போயிருந்தா?" என்று கேட்ட என் நண்பனைப் பற்றி. அடுத்த ஆண்டே அவன் அப்பா தவறிப்போனார். மூன்று தங்கைகள். இரண்டாமாண்டு பாதியில் படிப்பை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். பரீட்சைக் கட்டணம் கட்டவில்லை, பட்டம் வாங்கவில்லை. எங்கள் வகுப்பு எடுத்துக்கொண்ட கடைசி ஆண்டுப் புகைப்படத்திலும் அவன் இல்லை. எனக்கு 103 என்று விடை வந்த அன்றைக்கு முதலில் அவனிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நம் சங்கத்தின் உறுப்பினர் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். 1974 பி.எஸ்ஸி. கணிதம் என்ற தலைப்பின் கீழ் எல்லாப் பெயர்களும் அகர வரிசையில் ஒழுங்காக இருந்தன. எந்தப் பெயரிலும் எழுத்துப்பிழைகூட இல்லை. அவன் பெயர் இல்லை. பட்டம் வாங்கியவர்கள் பட்டியலை வைத்துத் தயாரித்த கையேட்டில் அவன் எப்படி இருப்பான்?

எப்.ஏ. தேறாத ராமானுஜனும் அப்படி ஒரு தேர்ச்சிப் பட்டியலில் இல்லாத பெயர்தானே!

ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கையேடு அச்சாகும் முன், பட்டம் வாங்கியவர் பட்டியலோடு நிற்காமல் அட்மிஷன் ரிஜிஸ்டரையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் உள்ளே வந்தவர் எத்தனை பேர், வெளியே போனவர் எத்தனை பேர் என்று முதலிலிருந்து எண்ணுங்கள். வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்துக்கு ஒவ்வொரு பெயர் இருக்கிறது. 1971 முதல் 1974 வரைக்கும் அந்த வேலையை நானே எடுத்துக்கொள்ளத் தயார். என் பழைய நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் 89-க்கும் 90-க்கும் நடுவில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன், சிவப்பு மையில்.